புற்றுச் செல்லின் பலவீனத்தைத் தேடியபோது கற்றவை

ஆறு குழிகள் கொண்ட வளர்ப்புத் தட்டில் புற்றுச் செல்களை இட்டு, 12 நாள் வளரவிட்டு, கிரிஸ்டல் வயலட் சாயத்தை ஊற்றிக் கழுவினால், பிழைத்துப் பெருகிய செல்கள் மட்டும் கத்தரிப்பூ நிறப் புள்ளிகளாகத் தட்டின் அடியில் ஒட்டி நிற்கும். செல்கள் மாண்ட இடம் தெளிந்து கிடக்கும். 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் அப்படி ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தபோது, மேல் வரிசைக் குழிகள் மூன்றும் அடர்ந்த ஊதாவாகவும், நான் ஒரு மரபணுவை வெட்டிச் சிதைத்திருந்த கீழ் வரிசைக் குழிகள் மூன்றும் ஏறக்குறைய வெறுமையாகவும் இருந்தன. தட்டை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சில புற்றுச் செல்களுக்கு இன்றியமையாததும் மற்றச் செல்களுக்குத் தேவைப்படாததுமான ஒரு மரபணு கைக்குக் கிடைத்துவிட்டதாக உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை எட்டு மாதம் நீடித்தது. அது தவறான நம்பிக்கை.

அது எவ்வாறு தவறானது என்பதையும், பின்னர் உண்மையான ஒரு பலவீனத்தோடு வேலை செய்தபோது எவற்றையெல்லாம் மாற்றிக்கொண்டேன் என்பதையும் இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்காக எழுதுகிறேன். நான் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர், மருத்துவர் அல்லர். ஆகவே இது சிகிச்சை குறித்த அறிவுரை அன்று, ஆய்வுக்கூட மேசையின் அனுபவம் மட்டுமே.

முதலில், நாங்கள் எதைத் தேடுகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். புற்றுநோய்க்குக் காரணமான மரபணு மாற்றங்களில் பெரும்பகுதி இழப்புகளே. செல் பெருக்கத்தை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவோ டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் ஒரு மரபணுவோ காணாமல் போயிருக்கும். மிகையாக இயங்கும் ஒரு புரதத்தை மருந்தால் தடுக்கலாம். இல்லாத புரதத்தை எந்த மருந்தாலும் தடுக்க முடியாது. ஆனால் ஓர் இழப்பைச் சுமக்கும் செல், அந்த இழப்பை ஈடுகட்ட வேறொரு மரபணுவின்மேல் தன் பாரம் முழுவதையும் சாய்த்திருக்கும். அந்த இரண்டாவது மரபணுவைத் தட்டினால் அந்தச் செல் மட்டும் விழும். இரண்டும் நலமாக உள்ள செல் தாங்கிக்கொள்ளும். இதற்குத்தான் சிந்தெட்டிக் லெதாலிட்டி என்று பெயர். தனித்தனியே இழந்தால் பிழைக்கவும் சேர்த்து இழந்தால் சாகவும் செய்கிற மரபணு இணைகளைப் பழ ஈக்களில் கால்வின் பிரிட்ஜஸ் 1922இலேயே கவனித்தார்; 1946இல் தியடோசியஸ் டோப்சான்ஸ்கி அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். புற்றுநோய் மருந்து தேடலுக்கு இந்த வழி உதவும் என்று லீலண்ட் ஹார்ட்வெல்லும் அவரது சகாக்களும் 1997இல் எழுதினார்கள்.

இந்த எண்ணம் மருந்தாகப் பலித்ததற்கு முதல் சான்று பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களும், டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் உதவும் பார்ப் என்னும் நொதியும். பி.ஆர்.சி.ஏ.1 அல்லது பி.ஆர்.சி.ஏ.2 இழந்த செல்லால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் அறுந்த முறிவைப் பிழையின்றி ஒட்ட முடியாது. அத்தகைய செல்கள் பார்ப் தடுப்பானுக்கு மிக எளிதில் பலியாகின்றன என்று 2005இல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அறிவித்தன. 2014 டிசம்பரில் ஓலாபரிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தெரியவந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் பார்ப் நொதியின் வேலையை நிறுத்துவதோடு நிற்காமல், நொதியை டி.என்.ஏ.வின்மேலேயே சிக்கவைத்துவிடுகின்றன, செல்லைக் கொல்வதில் அந்தச் சிக்கலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு மரபணுவை நீக்குவதும் அதன் புரதத்தை மருந்தால் பிடிப்பதும் ஒன்றல்ல என்ற இந்தப் பாடத்தை நான் படித்துத்தான் இருந்தேன். ஆனால் என் சொந்த மேசையில் அடிபட்ட பிறகே அது எனக்குள் இறங்கியது.

இனி அந்த எட்டு மாதக் கதை. டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறை வந்த பிறகு, செல்லின் எல்லா மரபணுக்களையும் ஒரே சோதனையில் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்ப்பது சாத்தியமாயிற்று. இதை ஸ்கிரீன் என்போம். இன்று பரவலாகப் பயன்படும் புருனெல்லோ லைப்ரரியில் 19,114 மரபணுக்களுக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் 76,441 வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வழிகாட்டிக்கும் குறைந்தது 500 செல்களாவது இருக்க வேண்டும் என்று வைத்தால், எந்தக் கட்டத்திலும் கையில் ஏறத்தாழ 3.8 கோடி செல்கள் இருந்தாக வேண்டும். ஒரு செல்லுக்குள் ஒரு வழிகாட்டிக்கு மேல் நுழையாதிருக்க, வழிகாட்டியைச் சுமந்து செல்லும் வைரஸைக் குறைவாகத்தான் சேர்ப்போம், அதாவது ஒரு செல்லுக்குச் சராசரியாக 0.3 வைரஸ். அந்த அளவில் நாலில் ஒரு செல்லுக்கே தொற்று ஏற்படும் என்பதால், தொடங்கும்போது 15 கோடிச் செல்கள் தேவைப்படும். இந்தக் கணக்கைச் செல்களை உருக்கி எடுப்பதற்கு முன்பே தாளில் போட்டுப் பாருங்கள். செல் எண்ணிக்கை குறைந்த ஸ்கிரீனில் வழிகாட்டிகள் தற்செயலாகவே மறைந்துபோகும். பிறகு எந்தப் புள்ளியியலும் அதைச் சரிசெய்யாது.

என் ஸ்கிரீனில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. எட்டு செல் வகைகளில் மூன்றில், ஒரு குறிப்பிட்ட மரபணுவின் வழிகாட்டிகள் அத்தனையும் மூன்று வாரத்தில் எண்ணிக்கையில் சரிந்திருந்தன, அதாவது அவற்றைச் சுமந்த செல்கள் மாண்டிருந்தன. மற்ற ஐந்தில் அசையவே இல்லை. எல்லாச் செல்களையும் கொல்லும் மரபணு எங்களுக்குப் பயன்படாது. சிலவற்றை மட்டும் கொல்வதே புதையல். அந்த மரபணுவின் வழிகாட்டிகளைத் தனியாகத் தயாரித்து, தனித்தனியே தொற்றவைத்துப் பார்த்தேன். முதல் பத்தியில் சொன்ன ஊதாத் தட்டு அப்போது கிடைத்ததுதான். எதையும் வெட்டாத வழிகாட்டியைத்தான் நான் ஒப்பீட்டுக்கு வைத்திருந்தேன். அதுவே வழக்கம் என்பதால், அது போதுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாராந்திரக் கூட்டத்தில் என் முடிவுகளைக் காட்டியபோது, வேறு துறையிலிருந்து புதிதாக வந்திருந்த சக ஆய்வாளர் ஒருவர் தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: "இந்த மரபணு இந்தச் செல்களில் இயங்குகிறதா?" விடை எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே ஆர்.என்.ஏ. அளவீட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று செல் வகைகளிலும் அந்த மரபணுவுக்கு நேரே பூஜ்யத்தை ஒட்டிய எண்களே இருந்தன. அந்தச் செல்கள் அதை வாசிப்பதே இல்லை. வாசிக்கப்படாத மரபணுவை வெட்டினால் செல் ஏன் சாக வேண்டும்?

விடை அடுத்த நிரலிலேயே இருந்தது. அந்த மூன்று செல் வகைகளிலும் அந்த மரபணு அமைந்திருந்த குரோமோசோம் பகுதி 30 மடங்குக்கும் மேல் நகலெடுக்கப்பட்டிருந்தது. மற்ற ஐந்திலும் நகல் எண்ணிக்கை ஏறத்தாழ இயல்பாக இருந்தது. கிரிஸ்பரின் வெட்டும் நொதியான கேஸ்9 கத்தரி அந்தச் செல்களில் ஒரே நேரத்தில் 30க்கும் மேற்பட்ட இடங்களில் டி.என்.ஏ.வை அறுத்திருக்கிறது. செல் மாண்டது மரபணு போனதால் அன்று, அத்தனை வெட்டுக் காயங்களால். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, அதே பெருக்கப்பட்ட பகுதிக்குள் மரபணுவே இல்லாத வெற்று இடங்களை வெட்டும் வழிகாட்டிகள் நான்கைத் தயாரித்து மீண்டும் தட்டில் இட்டேன். 12ஆம் நாள் சாயத்தை ஊற்றிக் கழுவியபோது அந்தக் குழிகளும் வெறுமையாகவே இருந்தன. எட்டு மாத வேலை அந்தத் தட்டோடு முடிந்தது. 2016இல் இதே நிகழ்வை இரண்டு குழுக்கள் பல செல் வகைகளில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டன; இன்று, எந்தப் புற்றுச் செல் எந்த மரபணுவைச் சார்ந்திருக்கிறது என்று தொகுக்கும் டெப்மேப் போன்ற பொதுத் தரவுத்தளங்கள் நகல் எண்ணிக்கையின் விளைவைக் கழித்த பிறகே எண்களைத் தருகின்றன. ஆனால் உங்கள் சொந்த ஸ்கிரீனில் அந்தக் கழித்தலை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு நானே சில கட்டாயங்களை விதித்துக்கொண்டேன். ஒரு மரபணு பட்டியலின் உச்சிக்கு வந்தால், அதன் பெயரைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அது அந்தச் செல்லில் இயங்குகிறதா, எத்தனை நகல் இருக்கிறது என்ற இரண்டையும் பார்ப்பேன்; இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒப்பீட்டுக்கு எதையும் வெட்டாத வழிகாட்டியை மட்டும் வைப்பதில்லை. தீங்கற்ற ஓரிடத்தை வெட்டும் வழிகாட்டியையும் சேர்த்தே வைக்கிறேன். மேலும், வெட்டிப் பெற்ற விடையையே, வெவ்வேறு விதத்தில் தவறக்கூடிய வேறு இரண்டு முறைகளாலும் பெற முயல்கிறேன். டி.என்.ஏ.வை வெட்டாமல் மரபணுவை அணைத்துவைக்கும் கிரிஸ்பர் முறைக்கு வெட்டுக் காயத்தின் குழப்பம் கிடையாது. குறு ஆர்.என்.ஏ.வால் அடக்கும் பழைய முறைக்கும் அந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் அது விதைப்பகுதி எனப்படும் தன் சில எழுத்துகள் பொருந்தும் வேறு மரபணுக்களையும் சேர்த்து அடக்கிவிடும். மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது நம்பிக்கை பிறக்கிறது.

இந்தக் கெடுபிடி மிகையானது என்று நினைப்பவர்கள் இத்துறையின் வரலாற்றைப் பார்க்கலாம். கேராஸ் என்ற புற்று மரபணுவில் பிறழ்வுள்ள செல்களுக்கு எஸ்.டி.கே.33 என்ற கைனேஸ் (மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட் சேர்க்கும் நொதி) இன்றியமையாதது என்று 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. 2011இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தச் சார்பு தென்படவில்லை. மெல்க் என்ற கைனேஸின் கதை இன்னும் வருத்தமானது. அதைக் குறிவைத்ததாகக் கருதப்பட்ட மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 2017இல் ஜேசன் ஷெல்ட்சரின் குழு மெல்க் மரபணுவைக் கிரிஸ்பரால் முழுமையாக நீக்கிக் காட்டியது. செல்கள் வழக்கம்போலப் பெருகின. மெல்க் இல்லாத அந்தச் செல்களையும் மருந்து கொன்றது, அதாவது அது வேறு எதையோ தாக்கிக் கொன்றுகொண்டிருந்தது. சோதனை மருந்தை ஏற்க ஒப்புக்கொள்ளும் ஒருவர் பெரும்பாலும் மற்றச் சிகிச்சைகளையெல்லாம் கடந்து வந்தவர். அவர் தருவது எஞ்சியிருக்கும் தன் மாதங்களை. ஒப்பீட்டுக் குழி ஒன்றைச் சேர்க்கச் சோம்பல் வரும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு நான் எடுத்துக்கொண்டது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த ஒரு பலவீனத்தின் உள்ளமைப்பைப் பிரித்துப் பார்க்கும் வேலை அது. செல்லின் கருவுக்குள் டி.என்.ஏ. சுருளைத் தளர்த்திக் கொடுக்கும் ஒரு பெரிய புரதக் கூட்டத்தில் ஸ்மார்கா4, ஸ்மார்கா2 என்று இரட்டையர்போல் இரு மரபணுக்கள் உண்டு. கூட்டத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்றின் புரதம் இயந்திரமாக அமரும். சிறிதல்லாத செல் வகை நுரையீரல் புற்றுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஸ்மார்கா4ஐ இழந்திருக்கிறது. அத்தகைய செல்கள் எஞ்சிய இரட்டையரான ஸ்மார்கா2ஐ நம்பியே வாழ்கின்றன என்று 2013, 2014ஆம் ஆண்டுகளில் சில குழுக்கள் காட்டியிருந்தன. நான் ஸ்மார்கா4ஐ இழந்த எச்1299 என்ற நுரையீரல் புற்றுச் செல் வகையை எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை முதல் நாளிலிருந்தே மீட்புச் சோதனையை மையமாக வைத்தேன். இத்துறையில் ஒரே ஒரு சோதனைதான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் செய்வேன். வெட்டப்படும் மரபணுவின் மற்றொரு பிரதியை, அதே புரதத்தையே உண்டாக்கும்படியும் ஆனால் வழிகாட்டியால் அடையாளம் காண முடியாதபடியும் எழுத்துகளை மாற்றி எழுதிச் செல்லுக்குள் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்கப் பல மூன்றெழுத்துச் சொற்கள் மரபுக் குறியீட்டில் இருப்பதால் இது இயலும். செல் பிழைத்தால், முன்பு அது செத்தது இந்த மரபணு போனதால்தான். பிழைக்காவிட்டால், நீங்கள் வேறு எதையோ உடைத்திருக்கிறீர்கள். ஸ்மார்கா2 புரதம் 1,500க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. அவ்வளவு நீளமான பிரதியை லென்டிவைரஸுக்குள் அடைத்தால் வைரஸ் மிகக் குறைவாகவே விளையும். மூன்று முறை தயாரித்துச் செறிவூட்டிய பின்னரே போதுமான செல்கள் கிடைத்தன. மறுபக்கத்தையும் விடவில்லை: இழந்த ஸ்மார்கா4ஐத் திரும்ப வைத்த செல்களில் ஸ்மார்கா2ஐ வெட்டினேன். அவை சாகவில்லை. சார்பு இழப்பினால்தான் வந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, அந்தப் புரதத்தின் எந்தப் பகுதி செல்லுக்கு வேண்டும் என்பது. ஸ்மார்கா2இல் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்து இயங்கும் இயந்திரப் பகுதி ஒன்று. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைல் குறி உள்ள இடத்தைப் பற்றும் புரோமோடொமைன் என்ற பகுதி மற்றொன்று. மருந்து வேதியியலுக்கு வசதியான பள்ளம் புரோமோடொமைனில்தான் இருந்தது. அதில் பொருந்தும் மூலக்கூறுகளும் தயாராகியிருந்தன. அவை செல்களைக் கொல்லவில்லை. மீட்புப் பிரதிகள் காரணத்தைச் சொல்லிவிடும்: புரோமோடொமைன் பழுதான பிரதி செல்லைக் காப்பாற்றும், ஏ.டி.பி. இயந்திரம் பழுதான பிரதி காப்பாற்றாது. 2015இல் வெளியான ஆய்வொன்று இதையே காட்டியிருந்தது, என் தட்டுகளிலும் அதுவே தெரிந்தது. பின்னாளில் வேறு சிலர் அதே புரோமோடொமைனைக் கைப்பிடியாக மட்டும் பயன்படுத்தி, புரதம் முழுவதையும் செல்லின் குப்பைக்கூடையான புரோட்டியசோமுக்கு இழுத்துச் செல்லும் மூலக்கூறுகளைச் செய்தார்கள். மைக்ரோசாட்டலைட் நிலையின்மை (டி.என்.ஏ.வின் குறுந்தொடர்கள் நீளம் மாறிக்கொண்டே இருப்பது) உள்ள புற்றுகளில் டபிள்யூ.ஆர்.என். மரபணுவின் சார்பு 2019இல் வெளியானபோதும் இதே கேள்வி எழுந்தது. அந்தப் புரதத்தில் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் பகுதி தேவை, இழையை முனையிலிருந்து அரிக்கும் எக்ஸோநியூக்ளியேஸ் பகுதி தேவையில்லை என்பது மீட்புப் பிரதிகளால்தான் தெளிவாயிற்று. ஆகவே பழுதில்லாத பிரதியோடு, பகுதி பகுதியாகப் பழுதாக்கிய பிரதிகளையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். பின்னால் மருந்து செய்ய முனைபவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி அதில் இருக்கிறது.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து பெற்ற செல்களைப் பரிசோதிக்காமல் பொது இன்குபேட்டரில் வைத்தேன். சில வாரங்களில் எல்லாச் செல்களும் சற்றே மந்தமாகப் பெருகின. ஊடகம் கலங்கவில்லை, நுண்ணோக்கியில் எதுவும் தெரியவில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா அப்படித்தான் வரும். அதற்குச் செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதைத் தொடாது. உருவில் மிகச் சிறியதாகையால் வடிகட்டியிலும் நழுவிவிடும். பி.சி.ஆர். சோதனையில் பட்டை தெரிந்த அன்று, நான்கு மாதமாக உறையவைத்திருந்த குப்பிகள் அத்தனையையும் ஆட்டோகிளேவில் போட்டேன். இப்போது மாதம் ஒருமுறை எல்லாச் செல்களையும் சோதிக்கிறோம்; புதிதாக வரும் செல், முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில்தான் இருக்கும். அதோடு டி.என்.ஏ. கைரேகை போன்ற எஸ்.டி.ஆர். முறையில் செல்லின் அடையாளத்தையும் சரிபார்க்கிறோம். மார்பகப் புற்று என்று பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் பயன்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435 உண்மையில் ஒரு மெலனோமா செல் வகை என்பது நினைவிருந்தால், இந்தச் செலவு கசக்காது. ஊடகத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: வழக்கமான உயர் குளுக்கோஸ் ஊடகத்தில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார், இரத்தத்தில் ஏறத்தாழ 5. வளர்சிதை மாற்ற மரபணு ஒன்று உங்கள் பட்டியலில் வந்தால், அந்தச் சார்பு செல்லினுடையதா, நீங்கள் ஊட்டிய உணவினுடையதா என்று கேட்டாக வேண்டும்.

எச்1299 தட்டுகளில், ஸ்மார்கா2இன் ஏ.டி.பி. பகுதியை வெட்டிய குழிகளிலும் ஒவ்வொரு முறையும் சில ஊதாப் புள்ளிகள் எஞ்சி நின்றன. முன்பானால் வைரஸ் நுழையாத செல்கள் என்று ஒதுக்கியிருப்பேன். இம்முறை சாயமிடாத இணைத் தட்டிலிருந்து 21ஆம் நாள் அத்தகைய கூட்டங்கள் பதினொன்றைச் சிறு வளையங்களால் சூழ்ந்து, ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து வளர்த்து, வெட்டுப்பட்ட இடத்தின் டி.என்.ஏ. வரிசையை வாசித்தேன். பதினொன்றிலும் கத்தரி வேலை செய்திருந்தது. தழும்பு தெளிவாகத் தெரிந்தது. இந்தச் செல்லில் ஸ்மார்கா2க்கு இரண்டுக்கும் மேற்பட்ட நகல்கள் இருந்தன. அவற்றுள் சிலவற்றில் ஓரெழுத்து, ஐந்தெழுத்து, பதினேழெழுத்து என்று மனம்போனபடி எழுத்துகள் தொலைந்து, மூன்று மூன்றெழுத்தாக வாசிக்கும் வாசிப்புச் சட்டகம் குலைந்திருந்தது. ஆனால் பதினொரு கூட்டங்களிலும், குறைந்தது ஒரு நகலிலாவது தொலைந்த எழுத்துகளின் எண்ணிக்கை மூன்று, ஆறு அல்லது ஒன்பதாக இருந்தது. ஒன்று முதல் மூன்று அமினோ அமிலம் குறைந்தாலும் சட்டகம் குலையாமல் புரதம் இறுதிவரை எழுதப்படும் எண்ணிக்கைகள் அவை. புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பதினொரு வரிசையிலும் மங்கலாகவேனும் ஸ்மார்கா2 பட்டை இருந்தது. ஆறெழுத்து தொலைந்திருந்த ஒரு கூட்டத்தின் செல்களைத்தான் அடுத்த வாரம், புரதத்தைச் சிதைக்கும் மூலக்கூறு முதல்முறையாகக் கைக்கு வந்தபோது, முதல் குழியில் இட்டேன்.